பின்பக்கத்து அறை

மனைவி லூர்து இறந்த பிறகு சூசைராஜ் முதல்முறையாகத் திருச்சிக்கு வந்தார். கல்யாணமான புதிதில் இருவரும் குடியிருந்த பாலக்கரை மாடிவீட்டை இடித்துவிட்டு, அங்கே லாட்ஜ் கட்டியிருந்தார்கள். அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து மலைக்கோட்டை தெரியும். சாயங்காலம் அங்கே விளக்கு போடுவதைப் பார்க்காமல் லூர்து உலை வைக்கமாட்டாள்.

"பின்பக்கம் ரெண்டாவது மாடியில ரூம் இருக்காம்மா?" என்று வரவேற்பிலிருந்த பெண்ணிடம் கேட்டார்.

"இருக்கு சார். ஆனா ஜன்னலத் தொறந்தா பக்கத்துக் கட்டடத்துச் செவுருதான் தெரியும். முன்னாடி தரட்டுமா?"

"இல்லம்மா, அதையே குடு."

அறைக்குப் போனதும் ஜன்னலைத் திறந்தார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பூசாத சுவர் நின்றது. அறையிலிருந்த இரண்டு நாற்காலிகளையும் அதற்கு எதிரே இழுத்துப் போட்டார். ஒன்றில் உட்கார்ந்து, பொழுது சாயக் காத்திருந்தார்.