வரைபடத்தில் அமர்ந்த ஊர்

புத்தூர் பொதுமண்டபத் தரை முழுக்க வரைபடம் விரிந்திருக்கிறது. இருபது வருடங்களுக்குப் பிறகு வரப்போகும் ஊர். "உங்கடை உங்கடை இடத்தை ஏறி நிண்டு காட்டுங்கோ," என்கிறார் திட்டமிடல் அதிகாரி சுபாங்கன். வாசலிலேயே செருப்பைக் கழற்றிய சனம், மூலஸ்தானத்துக்கு முன் நிற்பதுபோல ஓரத்தில் நிற்கிறது. யன்னல் வெயிலில் கடதாசி மினுங்குகிறது. மகாதேவி மட்டும் சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு, வரைபடத்தில் தன் வீட்டு ஒழுங்கை வழியே மெல்ல நடந்து, புதிய பெருந்தெரு கீறியிருக்கும் இடத்தில் சப்பாணி கட்டி அமர்கிறாள். "இதிலை எங்கடை பங்குக் கிணறு, தம்பி. ஏழு குடும்பம் முறைவைச்சு இறைக்கிறம்." பங்குக்காரர் வந்து அவளைச் சுற்றி அமர்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராக, அவரவர் வீட்டில், அவரவர் தோட்டத்தில். கடதாசி மறைந்து ஊர் தெரிகிறது. சுபாங்கன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கால் வைக்க இடம் தேடுகிறார். வெறுங்காணி என்று அவர் சாம்பல் நிறம் பூசிய மூலையிலும் இரண்டு பேர். "வாங்கோ," என்று ஒதுங்கி அவருக்கு இடம் விடுகிறார்கள்.