பத்து மணிக்கு அணைத்தது யார்?

"ராத்திரியில இதை யாரு ஆஃப் பண்றது?" என்று கேட்டார் நரம்பு டாக்டர்.

மகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவின் பார்க்கின்சன் நடுக்கத்துக்காக மூளைக்குள் கம்பி வைத்து, நெஞ்சில் கருவி பொருத்தி மூன்று மாதம் ஆகிறது. பகலில் கை ஆடுவதே இல்லை. படுத்தால் மட்டும் லேசில் தூக்கம் வருவதில்லை. விடிந்தால் ஆள் மரக்கட்டை. கருவியில்தான் கோளாறு என்று சண்டை பிடிக்க அரை நாள் லீவு போட்டு வந்திருந்தான்.

கருவியோ எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தது. தினமும் பத்து மணிக்கு ஆஃப், பதினொன்றுக்கு ஆன். விடிகாலை ஐந்துக்கு மறுபடி ஆஃப், ஆறுக்கு ஆன்.

கருவி நின்றால் அப்பாவின் உடம்பு விறைத்துக்கொள்ளும். வீட்டில் அதன் ரிமோட் அம்மாவின் பொறுப்பு. மகன் எழுந்தான், உட்கார்ந்தான், திரும்பவும் எழுந்தான்.

"ஏம்மா, அவர் அசையாம கிடந்தாத்தான் உனக்குத் தூக்கம் வருமா?"

அம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். அது அவன் எரிச்சலை இன்னும் கிளறிவிட்டது.

"அவளை ஏண்டா போட்டு வறுத்தெடுக்குறே? படுக்கிறப்போ ஆஃப் பண்ணி, எழுந்ததும் ஆன் பண்றது நான். அவளுக்குத் தெரியாது" என்றார் அப்பா.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வாரம், கனவில் ஒரு திருடனோடு மல்லுக்கட்டினாராம். விழித்துப் பார்த்தால் அம்மாவின் உதட்டில் ரத்தம்.

"கருவி ஓடினாத்தானே கை ஓங்கும்? நிறுத்திட்டா அவளாவது நிம்மதியாத் தூங்குவா."

கனவில் அடிப்பதும் இந்த வியாதியின் வேலைதான், கருவியை நிறுத்தினால் அது நிற்காது, அதற்கு வேறு மாத்திரை இருக்கிறது என்றார் டாக்டர். மகனுக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கவே கூசியது.

டாக்டருக்கு மட்டும் கணக்கு இடித்தது. பத்துக்கு நிறுத்துவதும் ஆறுக்குப் போடுவதும் அப்பா, சரி; நடுவில் பதினொன்றுக்குப் போட்டு ஐந்துக்கு நிறுத்துவது யார் என்றார். தான் இல்லவே இல்லை என்றார் அப்பா.

அம்மா தலை நிமிராமல் சொன்னாள்.

"நான்தான் டாக்டர். புரண்டு படுக்க முடியாம முனகுவாரு, கேக்கச் சகிக்காது. கண்ணசந்ததும் ஆன் பண்ணிட்டுக் கீழே இறங்கிடுவேன். அவர் முழிக்கிறதுக்குள்ள ஆஃப் பண்ணிட்டுக் கட்டில்ல வந்து படுத்துக்குவேன். நான் தினமும் தரையில படுக்குறேன்னு தெரிஞ்சா, இவருக்கு இருக்கிற கொஞ்சத் தூக்கமும் போயிடும்."