காலத்துக்கும் தாங்கும்

பல் டாக்டர் மேசைமேல் இரண்டு மாதிரி பல்செட்டுகளை வைத்தார். ஒன்று ரப்பர் மாதிரி வளைவது. மற்றது மெட்டல் கம்பி போட்டது.

"மெட்டல்னா உங்க காலத்துக்கும் தாங்கும்மா."

"அதுக்கப்புறமும் தாங்கும்," என்றாள் கோமளா. "எங்க வீட்டுக்காரருக்கும் மெட்டல்தான். கழட்டாமலே சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மறுநாள் எலும்பு பொறுக்கப் போனவன் இவன்தான். பல்லெல்லாம் போயி, கம்பி மட்டும் சாம்பல்ல கிடந்திருக்கு. பானையில போட மனசு வராம வீட்டுக்குக் கொண்டாந்துட்டான்."

பக்கத்து நாற்காலியில் மகன் ஜெகதீசன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

வாஷ்பேசின் ஓரம், அப்பா இரவில் பல்செட்டைப் போட்டுவைக்கும் அதே கிண்ணத்தில் அந்தக் கம்பி கிடக்கிறது. அவன் தினமும் தண்ணீர் மாற்றுகிறான். ஒன்பது மாதமாக அதன் முகத்தில் விழித்துத்தான் கோமளா முகம் கழுவுகிறாள்.

கோமளா வளைகிற செட்டைக் கையில் எடுத்தாள். "இது எரிஞ்சா ஒண்ணும் மிஞ்சாதில்ல டாக்டர்? இதுவே போதும்."

ஜெகதீசன் அதை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி மேசையில் திருப்பி வைத்தான்.

"அம்மாவுக்கு மெட்டலே போடுங்க டாக்டர்," என்றான்.