சொந்தக் காரணம்

வெள்ளைத் தாள் கைக்கு வந்ததும் பேனா தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. பழக்க தோஷம்!

'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

இது அவளுடைய ராஜினாமாக் கடிதம்.

இந்தப் பனியன் கம்பெனியில் யாரையும் வேலையை விட்டு நிறுத்தியதாகச் சரித்திரமே கிடையாது. போகிறவளே எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எழுதத் தெரியாதவளுக்கு அவள் எழுதிக் கொடுப்பாள். முத்து முத்தான கையெழுத்து.

விரலில் ஊசி ஏறிய மயிலாத்தாளுக்கு அவள்தான் எழுதினாள். சொந்தக் காரணம்.

ஏழு மாத வயிற்றோடு தைத்துக்கொண்டிருந்த ருக்குமணிக்கும் அதேதான். நமக்கெதுக்கு வம்பு என்று குனிந்த தலை நிமிராமல் எழுதினாள். ருக்குமணி அதற்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

இன்றைக்கு அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். கழிப்பறைக்குப் போட்ட பூட்டை எடுக்கச் சொன்னவர்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் திறப்பார்கள். நடுவில் அவசரம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு தைக்க வேண்டியதுதான். பூட்டு என்று சொன்னால் மேனேஜர் சென்னியப்பனுக்குப் பிடிக்காது. அவர் அதற்கு வைத்திருக்கும் பெயர் நேர ஒழுங்கு. நல்லா இருக்கிறது ஒழுங்கு!

"உங்களை யாரு அனுப்பறாங்க அம்மணி? கொஞ்ச நாள் வீட்டுல இளைப்பாறுங்க. அப்படியே மத்தவங்களுக்கும் எழுதிப் போடுங்க" என்றார் சென்னியப்பன். குரலில் தேன் ஒழுகியது.

நாளைக்கு ஆடிட். பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சோதனைக்கு வந்து, வேலையை விட்டவர்களின் ஃபைலைத்தான் முதலில் புரட்டுவார்கள். கடிதம் இல்லாமல் ஆளைக் காணோம் என்றால் ஆர்டர் போய்விடும். இது அவளுக்கும் தெரியும்.

வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான் என்பதும் தெரியும்.

மேனேஜர் அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மற்ற பதினோரு பேரும் அவள் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இந்தக் கை இன்னொரு தடவை அதை எழுதுமா? சீ!

அடித்தாள். ஒரே கோடு.

கீழே எழுதினாள்: 'கழிப்பறைப் பூட்டை எடுக்கச் சொன்னதற்காக என்னை வேலையை விட்டு நிறுத்துகிறார்கள்.'

கையெழுத்துப் போட்டு, மறக்காமல் தேதியும் போட்டு நீட்டினாள்.

சென்னியப்பன் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். தேன் எங்கே போனதோ.

"என்னம்மணி இது? இதை எப்படி ஃபைல்ல வெக்கறது?"

"வெக்க முடியாதுங்களா?"

"எப்படி முடியும்?"

"அப்ப நான் வேலையை விடலீங்க சார்."

அவர் அந்தத் தாளை அவள் பக்கமே தள்ளினார்.

மேசையில் மீதி வெள்ளைத் தாள்கள் இருந்தன. அவற்றை வாரி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். துணி மூட்டை மேல் உட்கார்ந்து, உள்ளே எழுதியதைச் சத்தமாகச் சொன்னாள்.



கூட்டத்தில் மூத்தவள் பாப்பாத்தி அக்கா. அவள்தான் முதலில் முன்னால் வந்தாள்.

"எனக்கும் அதையே எழுது கண்ணு. கொஞ்சம் பெருசா எழுது."

அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தக் கம்பெனிக்குள் அப்படி ஒரு சிரிப்பை அவள் கேட்டதே இல்லை.

நாலாவது கடிதத்துக்குத் தேதி போடும்போது கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது.

"போதும் நிறுத்துங்க அம்மணி! யாரும் எழுத வேண்டாம். எல்லாரும் போய் மெஷின்ல உக்காருங்க."

அவள் பேனாவை மூடினாள். ஜெயித்துவிட்டோம் என்று நெஞ்சு பொங்கியது.

எழுதிய தாள்களை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். எழுந்து நடந்தாள். பதினோரு பேரும் பின்னாலேயே வந்தார்கள்.

மெஷின் பக்கம் ஒருத்தியும் திரும்பவில்லை.

நேரே போய்க் கழிப்பறைக் கதவுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

யாரும் அதைத் தொடவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சற்று நேரத்தில் பின்னாலிருந்து சாவிக்கொத்தின் சத்தம் கேட்டது.

ஓடி வருகிற சத்தம்.