செம்பனை லாரி திரும்பும் முச்சந்தி

மேசைமேல் விரித்திருந்த வரைபடத்தில் ஃபெலிசியா சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிய இடம், கஸ்தூரி ஒட்ட நினைத்திருந்த அதே முச்சந்தி.

யோங் பெங் பக்கமிருந்து வரும் செம்பனை லாரிகள் வேகம் குறைக்காமல் திரும்பும் இடம்.

தாமான் குடியிருப்பில் எந்தச் சாலை ஆபத்தானது என்று அங்கே குடியிருப்பவர்களே காட்டட்டும் என்று கூட்டிய கூட்டம் அது. சமூக மண்டபம் நிரம்பியிருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஸ்டிக்கர் கொடுத்திருந்தார்கள்.

கஸ்தூரியின் ஸ்டிக்கர் இன்னும் அவள் கட்டைவிரலிலேயே இருந்தது.

அங்கே வேகத்தடை வேண்டும் என்று முதலில் கேட்டவள் அவள்தான். எத்தனை அலுவலகம் ஏறி இறங்கியிருப்பாள்! ஆனால் அவள் பேச எழுந்தாலே தாமான்காரர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். யாராவது தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள்.

ஃபெலிசியா போன தீபாவளிக்குப் பிறகு குடிவந்தவள்.

அவள் பேசியபோது அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அதிகாரி ஹேமநாதன் தானே எழுந்துபோய், அவள் மகள் காலை நீட்டிக்கொள்ள ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த முச்சந்தியில் லாரி இடித்து, சிறுமி லோஷினியின் காலில் மாவுக்கட்டு.

"இங்க வேகத்தடை, பக்கத்துலயே பிள்ளைங்க கடக்கக் கோடு. முதல் வேலையா இதச் செஞ்சிடுறோம்மா," என்றார் ஹேமநாதன், ஃபெலிசியாவைப் பார்த்து.

எல்லாரும் கைதட்டினார்கள்.

கஸ்தூரிக்கு வயிறு எரிந்தது. நல்லதுதானே நடக்கிறது என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. ஃபெலிசியாவின் மடிப்புக் கலையாத சட்டை, தடங்கலில்லாத மலாய், எல்லாமே எரிச்சலாக இருந்தது.

தேநீர் கொடுத்தபோது ஃபெலிசியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அலமாக், இவளோட முடியல அக்கா. கட்டுக்குள்ள அரிக்குது அரிக்குதுன்னு ராத்திரி பூரா தூங்க விடுறதில்ல. குளிப்பாட்டணும், தூக்கிட்டுப் போகணும். என் இடுப்பே போச்சு லா."

கைதட்டலைக்கூடப் பொறுத்துக்கொண்டவள், அந்தச் சலிப்பைப் பொறுக்க முடியாமல் எழுந்தாள்.

லோஷினி அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தாள். மாவுக்கட்டு முழுக்கப் பள்ளித் தோழிகளின் பெயர்கள். பேனாவை நீட்டினாள்.

"நீங்களும் பேர் எழுதுங்க ஆன்ட்டி."

கஸ்தூரி குனிந்து நிதானமாக எழுதினாள்.

லோஷினி எழுத்துக்கூட்டினாள். "ரூ... பேந்... திரன். யாரு ஆன்ட்டி இது?"

"என் மகன். அவனும் அதே முச்சந்தியிலதான் லாரில அடிபட்டான்."

"அவருக்கும் இந்த மாதிரி கட்டுப் போட்டாங்களா?"

"இல்லம்மா," என்றாள் கஸ்தூரி. "அதுக்கு வேலையே வரல."

"நல்லவேளை!" என்று சிரித்தாள் சிறுமி.

ஃபெலிசியா சிரிக்கவில்லை. தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, மகளைச் சட்டென்று இழுத்து இறுக அணைத்துக்கொண்டாள்.

கஸ்தூரி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.