அக்காளும் தம்பியும் சேர்ந்து பாடிய பாட்டு

மூக்காயி, சடையன் என்று அக்காளும் தம்பியுமாய் இரண்டு தவளைகள் ஒரு குட்டையில் இருந்தார்கள். பாட்டன் காலத்து மழைப்பாட்டை அடிக்கு அடி மாற்றி மாற்றிப் பாடுவார்கள். ஒருவர் பாடினால் மற்றவர் வாயை மூடிக்கொண்டு, புல்லில் பாம்பு ஊர்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். பாட்டோடு சேர்ந்து வந்த வழக்கம் அது.

பெரிய ஏரியிலிருந்து ஓர் ஆமை வந்து அவர்களைக் கச்சேரிக்கு அழைத்தது.

"அக்கரைக்கும் கேக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்தே பாடிருங்க."

"முறை அப்படி இல்லையே, அண்ணாச்சி" என்று மூக்காயி இழுத்தாள்.

"அப்போ நீ குட்டையிலேயே கிட, அக்கா! அங்கே எத்தனை பேரு காத்திருக்காங்க!" என்றான் சடையன்.

சாயங்காலம் இருவரும் ஏரிக்கரையில் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்தே பாடினார்கள். ஏரியே அதிர்ந்தது. மூக்காயிக்கே மெய்சிலிர்த்துப் போனது. கடைசிக்கு முந்தின அடிக்கு வந்தபோதுதான், தன் குரல் மட்டும் தனியாகக் கேட்பது அவளுக்கு உறைத்தது. கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் தம்பி இல்லை. புல்லில் பாம்பு போன தடம்தான் கிடந்தது.

கரையெல்லாம் ஒரே ஆரவாரம். ஆமை ஓட்டுக்குள்ளிருந்து மெதுவாய்த் தலையை நீட்டி, "ஏன் தாயி நிறுத்திட்டே? இன்னொரு தடவை பாடு!" என்றது.

மூக்காயி வாயைத் திறக்கவில்லை. காது கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். அடுத்த அடி தம்பியுடையது.