விறைத்துப்போன பாய்

வடதுருவக் கடலில் சுற்றுலா போன பழைய மரக்கப்பலில், பெரிய பாய் விரியாமல் போயிற்று. முந்தின நாள் ஈரத்தோடு தானாகவே சுருண்டு படுத்துக்கொண்டது. உலரப் போட்டால் குளிருமாம். காலையில் பார்த்தால் கருவாடு மாதிரி விறைத்துக் கிடக்கிறது.

எதிரே வீடு உயரத்துக்கு ஒரு பனிப்பாறை மிதந்து வந்தது. இடித்தால் மரக்கப்பல் பிளந்துவிடும். பயணிகள் பன்னிரண்டு பேரும் அது தெரியாமல் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, கொஞ்சம் தள்ளேன்" என்று பாய் கீழ்த்தளத்து டீசல் இன்ஜினைக் கூப்பிட்டது.

"நானா? 'புகைமூஞ்சி, ஆளுங்க படம் எடுக்கிறப்ப மூச்சு விடாதே'ன்னு நீங்கதானே என்னைச் சொன்னீங்க, அண்ணாச்சி. அதான் விடாம இருக்கேன்."

"அது சும்மா சொன்னதுடா."

"இப்ப எதுக்குக் கூப்பிடறீங்க? அதையும் சொல்லுங்க."

பாறையின் குளிர் பாயின் முகத்தில் அடித்தது.

"என்னால முடியலைடா. நீ இல்லாட்டி எல்லாரும் முழுகிடுவோம்."

"சரியாக் காதுல விழலை, அண்ணாச்சி."

பாய் அதையே பாய்மரம் அதிரக் கத்தியது. இன்ஜின் இருமிக்கொண்டே எழுந்தது. கப்பல் விலகியது, பாறை ஒரு முழம் தள்ளிப் போயிற்று. இன்ஜின் போட்ட ஆட்டத்தில் பனி பொலபொலவென்று உதிர்ந்து, பாயும் விரிந்தது.

"என்ன கம்பீரம்! இந்தப் பாய் இருக்கக் கண்டு பிழைத்தோம்" என்று அப்போதுதான் பாறையைக் கவனித்த ஒரு அம்மாள் கைதட்டினாள்.

பாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படத்துக்கு நின்றது. யாரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. கப்பலைத் தள்ளியது டீசல் இன்ஜின்.